இருக்கச் சொல்லுங்க

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு. உட்கார்ந்தவரை மெல்ல விழுங்கும். முதலில் இடுப்பு இறங்கும், பிறகு முழங்கால் நெஞ்சுக்கு நேராக ஏறும், கடைசியில் வந்தவர் தலைமை ஆசிரியர் அறைக்கு இழுத்துவரப்பட்ட பிள்ளையைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் இது வசதியாகத்தான் இருந்தது. கத்திக்கொண்டே படியேறி வருகிற கணவன்மார்கள் அதில் உட்கார்ந்ததும் பாதிச் சத்தத்தை விட்டுவிடுவார்கள். மீதிச் சத்தத்தை வக்கீலம்மா பார்த்துக்கொள்வாள்.

சிக்கல், சமரசப் பேச்சு எல்லாம் திரைக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. அவளிடம் வருகிற வழக்குகள் பெரும்பாலும் கடல் கடந்தவை. புருஷன் ஒரு நாட்டில், பெண்டாட்டி ஒரு நாட்டில், சீர் கொடுத்த பாத்திரமெல்லாம் மூன்றாவது நாட்டில் யாரோ ஒரு சிநேகிதன் வீட்டுப் பரணில். எல்லோரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க முடியாது. மடிக்கணினியைத் திறந்து, கட்டம் கட்டமாக ஆட்களை அடுக்கித்தான் பேச்சு. அந்தக் கட்டத்தில் அவளுடைய கட்சிக்காரர்களின் நெற்றி மட்டும்தான் தெரியும். கீழே தலையணை வைத்துப் பார்த்தாள். நாற்காலி தலையணையையும் விழுங்கியது.

வக்கீல்கள் வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் 'சமாதானம்'. எடுத்த வழக்கைச் சமாதானத்தில் முடிக்காமல் விட்டதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அதைக் கூட்டங்களில் அடக்கமாகச் சொல்லிக்கொள்வாள். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் எடுபடாது. கல்யாணமான நாளிலிருந்து மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்று அவளுக்கும் அவள் கணவருக்கும் நடந்துவரும் வழக்கு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது.

டயர் கடைக்கு மேலே இருக்கிறது அவள் அலுவலகம். ரப்பர் வாசனை எப்போதும் இருக்கும். அங்கே விவாகரத்து வாங்கிக்கொண்டு போன ஒருத்தி, இன்றைக்கும் பஸ் டயர் பக்கத்தில் நின்றால் மனசு லேசாகிவிடுகிறது என்று சொன்னாளாம்.

பழைய சோபாக்களைப் புதுப்பித்துத் தருகிற சோபாக்காரர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு முதல்முறை வந்தபோது உட்காரவே இல்லை. நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்து, வயிற்றுவலிக்காரனின் வயிற்றை டாக்டர் அழுத்துவது மாதிரி இருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஸ்பிரிங் உடைஞ்சு கிடக்கு. பட்டையும் போயிடுச்சு. இதுல எப்படிம்மா ஆளுங்கள உக்கார வைக்கறீங்க?"

"ஐயா, முதல்ல உங்க பொண்ணு விஷயத்தைப் பேசுவோமா?"

"பேசுங்க. எனக்குக் காது சும்மாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். முப்பது தாண்டியும் பாப்பாதான். அதனால் அவள் பெற்ற பெண்ணுக்குக் குட்டிப்பாப்பா என்று பெயர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. பாப்பா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அழவில்லை. வக்கீலம்மா பழக்கதோஷத்தில் காகிதக் கைக்குட்டை டப்பாவை நகர்த்தி வைத்தாள். பாப்பா அதை எடுத்து மேஜையில் இருந்த டீ கறையைத் துடைத்தாள்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற கணவன், "ரெண்டு மாசம் அம்மா வீட்டுல இருந்துட்டு வா" என்று பாப்பாவையும் குழந்தையையும் விமானம் ஏற்றி அனுப்பினான். அவள் இங்கே வந்து இறங்கிய கொஞ்ச நாளில், இந்தப் பெண் இனிமேல் என்னைச் சார்ந்தவள் இல்லை என்று அங்கே விசா அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டான். அவளுடைய விசா அவனைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவன் கையை உதறினதும் கீழே விழுந்துவிட்டது. திரும்பிப் போகக் கதவில்லை. பிறகு விவாகரத்து கேட்டுக் காகிதம் வந்தது.

"சேர்ந்து வாழணும்னு கேக்கறியாம்மா?" என்று வக்கீலம்மா கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம் மேடம். கழட்டி விட்டுடுங்க. குட்டி எங்கிட்ட இருக்கணும். அவ்வளவுதான்."

சுலபம் என்று நினைத்தாள் வக்கீலம்மா. அவள் சுலபம் என்று நினைத்த வழக்குகளை வைத்தே ஒரு தனி அலமாரி போடலாம்.

*

சமரசம் மாதக்கணக்கில் இழுத்தது. திரையில் நாலு கட்டம். ஒன்றில் நடுவர், வேறொரு நாட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி. எதற்கும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். இன்னொன்றில் கணவனின் வக்கீல், இந்த நாட்டிலேயே வேறொரு ஊரில், முகத்துக்கு நேரே வட்ட விளக்கு வைத்துக்கொண்டு பளபளப்பாக உட்கார்ந்திருக்கும் இளைஞர். பாப்பாவின் அம்மா அவருக்கு 'மாப்பிள்ளை வக்கீல்' என்று பெயர் வைத்திருந்தாள். விவாகரத்து வழக்கிலும் அவளுக்கு மருமகன் மாப்பிள்ளைதான். "தீர்ப்பு வர்ற வரைக்கும் மரியாதையை நாம ஏன் குறைச்சுக்கணும்?" என்பாள். மூன்றாவது கட்டத்தில் வக்கீலம்மாவும் பாப்பாவின் நெற்றியும். நாலாவது, மாப்பிள்ளையின் கட்டம், எப்போதும் கறுப்பு. கேமரா ரிப்பேர் என்று சொன்னார்கள். வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் கம்பெனியில்.

அந்தத் தரப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு கொஞ்சம் சூடு பிடித்ததும், "எங்களுக்குத் தனியா பேச நேரம் வேணும்" என்பார்கள். சமரசத்தில் அது முறைதான். நடுவர் ஒரு தரப்போடு தனியாகப் பேசும்போது மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும். திரையில் வெளியே இருப்பது என்றால், 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற எழுத்தையும் அதன் மேலே சுற்றுகிற ஒரு வட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. ஒருமுறை பாப்பா பாத்ரூம் போயிருந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வக்கீல், "அந்த அம்மாவுக்கு அக்கறை இல்லைன்னு இதுலயே தெரியுது" என்று சொன்னார். அதற்குப் பிறகு பாப்பா நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. தாகம் எடுத்தாலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில், தோண்டத் தோண்ட ஊறுகிற கிணறு மாதிரி ஒப்பந்தம் மேலே வந்தது. குழந்தை தாயிடம் இருக்கும். தகப்பன் வாரம் ஒருநாள் திரையில் பேசலாம், விடுமுறையில் வந்து பார்க்கலாம். வக்கீலம்மாவுக்கு உள்ளுக்குள்ளே ஒரு குத்தாட்டம். அப்போதுதான் மாப்பிள்ளை வக்கீல் வரைவின் தலையில் ஒரு பத்தியைச் சேர்த்து அனுப்பினார். 'மனைவி தன் சொந்த விருப்பத்தின் பேரில், கணவருக்குத் தெரிவிக்காமல், குழந்தையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார்.'

இந்தப் பத்தி இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கேட்டு அங்கேயே வழக்குப் போடுவோம். அடுத்த அமர்வில் பதில் வேண்டும்.

பாப்பா வரைவைப் படித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள். "மாட்டேன்."

*

கட்சிக்காரர் வீட்டுக்குப் போவது வக்கீலம்மாவின் வழக்கமில்லை. போனால் சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிட்டால் பிறகு திட்ட முடியாது. ஆனால் அமர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம், நாற்காலி எந்த அளவில் இருக்கிறது பார்க்கலாமே என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நாற்காலியைச் சோபாக்காரர் போன வாரமே தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பாதி உரித்த சோபா ஒன்று நடுவில் கிடந்தது, உள்ளாடையோடு பிடிபட்ட மனிதரைப் போல. பாப்பா அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, உளியையும் சுத்தியலையும் வைத்துப் பழைய ஆணிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். கிளம்பிய ஆணியைப் பார்க்காமலே பக்கத்து டப்பாவில் எறிந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. மூலையில் ஸ்பாஞ்சு அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றின் உச்சியிலிருந்து குட்டிப்பாப்பா குதிப்பதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தது.

"வாங்க வக்கீலம்மா!" என்று அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க. என் பேச்சைக் கேட்டா எனக்கு மரியாதை கூடிப்போயிடுமாம்."

"அம்மா, நீ முதல்ல டீ போடு" என்றாள் பாப்பா.

"போடறேன். சொல்றதைச் சொல்லிட்டுப் போடறேன். ஒரு வரிக்காக யாராவது பிள்ளையைப் பணயம் வைப்பாளா? மாப்பிள்ளை கேக்கறது ஒரு வரி. எழுதிட்டுப் போகட்டுமே. ஊருக்கே தெரியும் உண்மை."

"ஊருக்குத் தெரியாதும்மா. ஊருக்குத் தெரிஞ்சதெல்லாம், பாப்பா பெட்டியோட வந்தவ திரும்பிப் போகலங்கறதுதான். மார்க்கெட்ல அந்தப் புடவைக்கடைக்காரம்மா என்ன கேட்டுச்சு? 'கோவிச்சுக்கிட்டு வந்துட்டியாமே'ன்னுச்சு. நீ பக்கத்துலதான் நின்ன. என்ன சொன்ன? 'கொஞ்சம் ரோஷம் அதிகம்'ன்ன."

"பின்ன, விரட்டி விட்டுட்டான்னா சொல்லச் சொல்ற? அது எனக்குக் கௌரவமா?"

"ஓடிவந்துட்டான்னா அது எனக்குக் கௌரவமா?"

அம்மா பதில் தேடிக்கொண்டு உள்ளே போனாள். கூடவே டீத்தூளையும் தேடினாள்.

சோபாக்காரர் வக்கீலம்மாவின் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, புதுப் பட்டையை இழுத்து இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணிகள் இருந்ததால் அவருடைய கருத்து வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் அது பட்டையைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

வக்கீலம்மா ஒரு ஸ்பாஞ்சு அட்டையின் மேல் உட்கார்ந்தாள். உடனே சரிந்தாள். ஒரு கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு, நீதிமன்றத்துக் குரலில் ஆரம்பித்தாள்.

"இங்க பாரு பாப்பா. நான் கடைசிப் பத்தியில பூட்டுப் போட்டு வச்சிருக்கேன். இதுல எழுதினது எதையும் எந்தக் கோர்ட்டுலயும் யாருக்கு எதிராவும் எடுத்துக் காட்ட முடியாது. சட்டப்படி அந்த முதல் பத்தி செத்த பாம்பு. கடிக்காது."

"அப்ப எதுக்கு மேடம் அதை வீட்டுக்குள்ள வச்சுக்கணும்?"

"அந்த ஆளுக்கு ஒரு ஆறுதல். அவங்க வீட்டுக்கு, புதுசா பாக்கற பொண்ணு வீட்டுக்கு, இவதான் போயிட்டான்னு சொல்லியாச்சு. காகிதத்துலயும் அப்படியே இருக்கணும். அவ்வளவுதான். ஆம்பளைங்களுக்கு இந்த மாதிரி சின்னச் சின்ன பொம்மை எல்லாம் வேணும். குடுத்துட்டு நாம பிள்ளையை எடுத்துக்குவோம்."

"மேடம், உங்க வீட்டுக்காரர் அப்படி ஒரு பொம்மை கேட்டா குடுப்பீங்களா?"

"மின்விசிறி ரெகுலேட்டரையே நான் இன்னும் குடுக்கல" என்று வக்கீலம்மாவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

பாப்பா சிரித்தாள். வழக்கு ஆரம்பித்ததிலிருந்து அவள் சிரித்து வக்கீலம்மா பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த ஆணியைக் கிளப்பினாள்.

"நான் உங்க பேச்சை மீறலை மேடம். எல்லாத்துக்கும் சரின்னேன். ஞாயித்துக்கிழமை பேசலாம்னான், சரின்னேன். லீவுக்கு வந்து பாக்கறேன்னான், சரின்னேன். என் நகை அங்க பீரோவுல இருக்கு, அதைக்கூட விட்டுட்டேன். இது மட்டும் முடியாது."

"ஏன்னு சொல்லு."

பாப்பா உளியால் மூலையைக் காட்டினாள். குட்டிப்பாப்பா ஸ்பாஞ்சு மலையின் உச்சியில் நின்று, குதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"அது எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சாச்சு. மருந்து பாட்டில், பிஸ்கெட் கவர், ஒண்ணு விடறதில்ல. நாளைக்குக் காலேஜ், பாஸ்போர்ட்டுன்னு எதுக்காவது இந்தக் காகிதத்தை எடுக்கும். முதல் பத்தியைத்தான் முதல்ல படிக்கும். கடைசிப் பத்தில நீங்க போட்ட பூட்டெல்லாம் அதுக்குப் புரியாது. 'அம்மா, நீ சொல்லாமயா தூக்கிட்டு வந்த? அப்பா தேடியிருப்பாரேம்மா'ன்னு கேட்டா, கீழ என் கையெழுத்து இருக்குமே மேடம்? என்னன்னு சொல்லுவேன்?"

வக்கீலம்மா சரிந்த அட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் வழக்குப் போட்டா?" என்றாள் வக்கீலம்மா. "அங்க நீ போக முடியாது. இங்கிருந்துதான் சண்டை போடணும். வருஷக்கணக்கா இழுக்கும். ஜெயிப்போம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தோத்தா, குட்டி போகணும்."

"தெரியும்." பாப்பாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "தூங்கும்போது அதோட கால் என் மேல கிடக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். பயம் இல்லாம இல்ல மேடம். பயந்துக்கிட்டேதான் மாட்டேங்கறேன்."

அம்மா டீயோடு வந்தாள். கூடவே அவித்த முட்டையும் வந்தது. வக்கீலம்மா சாப்பிட்டாள். சாப்பிட்டதால், நினைத்திருந்தபடியே, அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை.

கிளம்பும்போது சோபாக்காரர் வாயிலிருந்த கடைசி ஆணியையும் அடித்துவிட்டு, "காலைல கொண்டாந்துடறேன்மா" என்றார். "உயரம் கொஞ்சம் கூட்டியிருக்கேன். இவ உக்காந்தா முகம் தெரியணும் பாருங்க."

*

காலையிலும் மழை விடவில்லை. கீழே டயர் கடைக்காரர் பழைய டயர்களில் தேங்கின தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சோபாக்காரர் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி நாற்காலியைத் தோளில் சுமந்து மேலே ஏறினார். பின்னால் பாப்பா, அதற்குப் பின்னால் டிபன் கேரியரோடு அம்மா. பட்டறைக்கு விடுமுறை, குட்டி பள்ளிக்கூடத்தில்.

அமர்வு நடக்கும்போது உறவினர்கள் அறையில் இருக்கக் கூடாது, கேமரா முன்னால் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் வக்கீலம்மாவின் விதிகள். பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. உறவினர்கள் அதற்குக் கீழேயே, கட்டத்துக்குள் விழாத பக்கவாட்டு மேஜையருகே, பவ்யமாக உட்கார்ந்தார்கள். விரட்ட மனமில்லாமல், இவர்களும் இருக்கிறார்கள் என்று நடுவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஆகட்டும்" என்றார் அவர்.

பாப்பா புது நாற்காலியில் உட்கார்ந்தாள். கரும்பச்சை ரெக்சின், ஓரத்தில் நெருக்கமான தையல். நெற்றி, கண், மூக்கு, தாடை, கழுத்து, தோள் என்று ஒரு முழு மனுஷி திரையில் வந்ததைப் பார்த்து நடுவரே மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பக்கத்தில் வக்கீலம்மாதான் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தாள்.

"முதல் பத்தி?" என்றார் மாப்பிள்ளை வக்கீல், நேராக.

"ஒத்துக்க மாட்டோம்" என்றாள் வக்கீலம்மா.

"அப்படின்னா எங்களுக்குத் தனியா பேச நேரம் வேணும்."

வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தயவுசெய்து காத்திருக்கவும்.

காத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. சோபாக்காரர் தன் மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஒரு தையலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உதட்டுக்குள்ளே ஏதோ முணுமுணுத்தாள், வேண்டுதலாகவும் இருக்கலாம், வசவாகவும் இருக்கலாம். சாப்பாட்டு நேரம் வந்து, நின்று பார்த்துவிட்டு, தாண்டிப்போனது. வட்டம் சுற்றியது.

"மேடம், எனக்குப் பசிக்குது" என்றாள் பாப்பா.

"கொஞ்சம் பொறு. எப்ப வேணா கூப்பிடுவாங்க."

பாப்பா வட்டத்தைப் பார்த்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி எழுந்தாள். பழைய நாற்காலியாக இருந்தால் எழவே இரண்டு பேர் வேண்டும். இதிலிருந்து சுலபமாக எழுந்தாள்.

"கூப்பிட்டா, சாப்பிடறேன்னு சொல்லுங்க."

"பாப்பா..."

"பொய் சொல்லச் சொல்லல மேடம். சாப்பிடத்தான் போறேன்."

பக்கவாட்டு மேஜையில் கேரியர் திறந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். ரப்பர் வாசனையை வறுவல் வாசனை ஒரே அடியில் வெளியே தள்ளியது. பாப்பா பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்ததும் வட்டம் நின்றது, கட்டங்கள் திரும்பி வந்தன.

"எங்க உங்க கட்சிக்காரர்?" என்றார் மாப்பிள்ளை வக்கீல்.

திரையில் வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில் கரும்பச்சை நாற்காலி ஒன்று காலியாக, நிமிர்ந்து நின்றது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடிப்போய் இழுத்துவருவதுதான் சமாதானத்துக்கு அழகு. இத்தனை வருஷமாக அவள் அதைத்தான் செய்துவந்தாள். வறுவலைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பாப்பா அவசரப்படவில்லை.

"என் கட்சிக்காரர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள் வக்கீலம்மா. "இந்த அறையிலதான் இருக்காங்க. நீங்க பேசறது அவங்க காதுல விழும். முடிச்சுட்டு வருவாங்க. நீங்க கொஞ்சம் காத்திருக்கணும்."

"என்ன மேடம் இது? இவ்வளவு முக்கியமான அமர்வுல..."

"நீங்க தனியாப் பேசினப்போ நாங்க காத்துக்கிட்டு இருந்தோமே சார். அவங்க தனியாச் சாப்பிடறாங்க."

நடுவர் ஆகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் மூடினார். மற்ற மூன்று கட்டங்களும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழைச் சத்தம். பருப்பு ஊற்றுகிற சத்தம். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடி" என்று அம்மாவின் குரல்.

கறுப்புக் கட்டம்தான் முதலில் பொறுமை இழந்தது.

"இவளுக்கு எப்பவும் இதே வேலைதான் சார்!" என்று வெடித்தது அது. "எல்லாரையும் காக்க வச்சுட்டு உக்காந்து சாப்பிடுவா! ஊருக்கு அனுப்பி வச்ச அன்னைக்கும் இதே கூத்துதான். டிக்கெட்டப் போட்டு, ரெண்டு பெட்டியையும் நானே தூக்கி கார்ல வச்சுட்டு, கீழ நின்னு ஹாரன் அடிக்கறேன் அடிக்கறேன், இவ மேல குழந்தைக்கு ஊட்டறேன்னு தானும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா! ஃபிளைட்டே போயிருக்கும்! பெட்டியைத் தள்ளிக்கிட்டு கவுன்டர் வரைக்கும் நான்தான சார் ஓடினேன்!"

அவன் நிறுத்திய பிறகுதான் அவன் என்ன சொன்னான் என்பது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவனுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வக்கீல் வட்ட விளக்கின் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பக்கவாட்டு மேஜையில் பாப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. கண் மட்டும் பளபளத்தது. பிறகு கை தன் வேலையைத் தொடர்ந்தது.

"சமரசத்துல பேசினது எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு விதி இருக்கு" என்றார் மாப்பிள்ளை வக்கீல், கண்ணைத் திறக்காமலே.

"போகாது சார். நான் அந்த விதிக்குள்ளயே நரைச்சவ" என்றாள் வக்கீலம்மா. சிரிப்பு வந்துவிடாமல் இருக்க மேஜைக்கடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் இதை எழுதிக்க மாட்டேன். எழுத எனக்கு அனுமதி இல்ல. ஆனா கடைசில ஒப்பந்தத்தை ரெண்டு பேருக்கும் உரக்கப் படிச்சுக் காட்ட வேண்டியவன் நான். அந்த முதல் பத்தியை இனிமே என் வாயால படிக்க முடியும்னு எனக்குத் தோணல."

மறுபடி தனியாகப் பேசப் போனார்கள். இந்த முறை சீக்கிரமே திரும்பினார்கள்.

"முதல் பத்தியை எடுத்துடறோம்" என்றார் மாப்பிள்ளை வக்கீல். "மத்ததெல்லாம் அப்படியே. சரிதானே?"

வக்கீலம்மாவின் நெஞ்சுக்குள் அந்தக் குத்தாட்டம் மறுபடி கிளம்பியது. சரி என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டாள்.

"எடுக்க வேண்டாம்" என்றது பக்கவாட்டு மேஜை.

எல்லாத் தலைகளும் காலி நாற்காலியை நோக்கித் திரும்பின.

"மாத்தி எழுதுங்க" என்றாள் பாப்பா, இருந்த இடத்திலிருந்தே, கொஞ்சம் குரலை உயர்த்தி. "நான் அவரைத் திட்டியெல்லாம் எழுதச் சொல்லல. விரட்டினார்னு எழுத வேண்டாம், ஏமாத்தினார்னு எழுத வேண்டாம். டிக்கெட் எடுத்துக் குடுத்தார், பெட்டியைத் தூக்கிட்டு வந்து வழியனுப்பினார்னு எழுதுங்க. நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கும். குட்டி படிச்சாலும் அப்பா பெட்டி தூக்கினார்னு சந்தோஷப்படும்."

"கேட்டது எடுக்கணும்னு. எடுக்கறேங்கறோம். இதுக்கு மேல கேட்டா எங்களுக்கு ஒப்பந்தமே வேண்டாம். கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை வக்கீல்.

"அய்யோ" என்றாள் அம்மா, சின்னதாக.

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தாள். பாப்பாவின் இடது கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. வலது கையில் சோறு. கையில் வந்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று வக்கீலம்மாவின் தொழிலறிவு மொத்தமும் சேர்ந்து கத்தியது. அவள் திரையின் பக்கம் திரும்பினாள்.

"என் கட்சிக்காரர் சொன்னதுதான் எங்க பதில்" என்றாள். சொன்ன குரல் யாருடையது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சார். இங்க யாருக்கும் கல்யாணம் நிச்சயமாகல."

சோபாக்காரர் தொண்டையைச் செருமினார். வழக்கு ஆரம்பித்ததிலிருந்து அவர் திரையோடு பேசியதில்லை. "சார், அந்தப் பெரிய பெட்டியோட சக்கரம் வரும்போதே உடைஞ்சிருந்துச்சு. நான்தான் மாத்திப் போட்டேன். ரொம்ப வெயிட்டு. அவ தூக்கியிருக்க முடியாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பேசிவிட்டதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடுவர் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, பெட்டியைத் தூக்கினது நீங்கதானே?"

மாப்பிள்ளை வக்கீல் ஏதோ சொல்ல வந்தார், நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். வக்கீலம்மா மூச்சை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாள்.

திடீரென்று கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. கேமராவுக்கு ரிப்பேர் ஒன்றும் இல்லை. முன்நெற்றி ஏறிய, இரண்டு நாள் சவரம் செய்யாத ஒரு மனிதன். பின்னால் சமையல் மேடை, கழுவாத பாத்திரங்கள். அவன் காலி நாற்காலியைப் பார்த்தான், அதில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல.

"நான்தான்" என்றான். "எழுதிக்கோங்க."

"மாப்பிள்ளை இளைச்சுட்டாரே" என்று அம்மா முணுமுணுத்தாள். பாப்பா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வக்கீல் தட்டச்சு செய்ய, நடுவர் உரக்கப் படித்தார். 'கணவர் பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்து, பெட்டிகளைத் தானே தூக்கிவந்து, மனைவியையும் குழந்தையையும் விமான நிலையத்தில் வழியனுப்பி வைத்தார்.' அவர் வாய்க்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

"ஆகட்டும்" என்றார் முடித்துவிட்டு. "அம்மா முன்னால வந்து உக்காந்து, சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்புறம் முடிஞ்சுது."

வக்கீலம்மா அவசரமாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். வா, வா, மனசு மாறுவதற்குள் வா. பாப்பா தட்டை வழித்து, கடைசி வாயையும் சாப்பிட்டாள். டப்பாவை மூடினாள். எழுந்து நின்று, சோறு ஒட்டிய கையை விரித்துக் காட்டினாள்.

"கை கழுவிட்டு வரேன் மேடம். இருக்கச் சொல்லுங்க."

"இருக்கச் சொல்றாங்க" என்றாள் வக்கீலம்மா திரையிடம்.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சோபாக்காரர் எழுந்து வந்து, ஆள் உட்கார்ந்த தடத்தில் விழுந்திருந்த சுருக்கத்தைப் புறங்கையால் நீவிவிட்டு, நாற்காலியைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். பாப்பா சோப்புப் போட்டு, விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று நாடுகளில் மூன்று பேர் அந்த நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.